மொட்டைமாடியில் ஒரு தொழிலாளி

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவருக்கு வட்டி மாற்றியமைக்கப்படும்போது, மாதத் தவணையைக் கூட்டிக்கொள்கிறாரா, கடன் காலத்தை நீட்டிக்கொள்கிறாரா, நிலையான வட்டிக்கு மாறிக்கொள்கிறாரா என்று வங்கி அவரைக் கேட்க வேண்டும். கேட்டு, அவர் சொல்கிறபடி செய்ய வேண்டும். இதையெல்லாம் சாதாரண மனிதனுக்குப் புரிகிற மாதிரி எழுதியும் தர வேண்டும். நாட்டிலுள்ள எல்லா வங்கிகளுக்கும் மேலே இருக்கிற வங்கி போட்ட உத்தரவு இது. நான் அதை முழுதாகப் படித்திருக்கிறேன். 'வேண்டும்' என்றுதான் இருக்கிறது. 'முடிந்தால் செய்யலாம்' என்று எங்கேயும் இல்லை.

எனக்கு வந்தது ஒரு குறுஞ்செய்தி. வட்டி உயர்ந்தாலும் என் மாதத் தவணையில் எந்த மாற்றமும் இல்லை என்று அது மகிழ்ச்சியோடு தெரிவித்தது. ஜனவரி கடைசியில் அமலுக்கு வரும், ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றும் சொன்னது. தவணை மாறவில்லை என்றால் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று, புதுக் கணக்கின்படி கடன் முடியும் மாதத்தைப் பார்த்தேன். அப்போது எனக்கு எண்பத்தொரு வயது ஆகியிருக்கும்.

கடன் வாங்கும்போது, எழுபது வயதுக்குள் முடியாத கடனைத் தரவே மாட்டோம் என்று சொல்லி, என் பள்ளிச் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த வங்கி இது. அப்போது என் ஆயுளின் மேல் இல்லாத நம்பிக்கை இப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையின் பணியாளர் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒருவன் வேலையில் சேர என்ன காகிதம், விடுப்பு எடுக்க என்ன காகிதம், விரல் போனால் என்ன, ஆளே போனால் என்ன என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் தங்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்டுவிட்டு, அதையே எங்கள் ஆலைக்கு எதிராக எழுதிவிட்டுப் போவார்கள். மனைவி திருவள்ளூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தார். அதனால் வீடு திருவள்ளூரில். சம்பளக் கணக்கு ஆலைக்குப் பக்கத்தில் இருந்த வங்கிக் கிளையில். அதனால் கடன் கும்மிடிப்பூண்டியில்.

இரண்டும் ஒரே மாவட்டம்தான். வரைபடத்தில் பார்த்தால் ஒரு ஜாண்கூட இருக்காது. ஆனால் திருவள்ளூரிலிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி போக வேண்டுமென்றால் முதலில் சென்னைக்குப் போக வேண்டும். பேசின் பிரிட்ஜில் இறங்கி, நடைமேடை மாறி, அடுத்த பாதையில் வருகிற வண்டியைப் பிடித்து, விட்டு வந்த மாவட்டத்துக்கே திரும்பி வர வேண்டும். பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் போகலாம் என்பார்கள், போகாதவர்கள். கிளையைத் திருவள்ளூருக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. அதற்குக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். வட்டிப் புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும்போது எழுதிக் கொடுக்க முடியாது.

புதுப்பித்தலுக்கு நான் தயாரான விதத்தை ஒரு கல்யாண ஏற்பாட்டோடுதான் ஒப்பிட முடியும். பத்திரத்தின் நகல், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, கட்டட நிறைவுச் சான்று, ஓய்வூதிய விவரம், இரண்டு பேருடைய புகைப்படங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று கல்யாணப் பதிவின் நகல். ஒவ்வொன்றிலும் கையெழுத்து, ஓரத்தில் எண், முதல் பக்கத்தில் பொருளடக்கம். அதன் மேல் ஒரு பக்கக் கடிதம். அதன் சாரம் ஒரே வரிதான்: தவணையைக் கூட்டுங்கள், காலத்தைக் கூட்டாதீர்கள். மாதாமாதம் அதிகம் கொடுக்கிறேன் என்று ஒருவன் வலியப் போய்ச் சொன்னால் வங்கி வாசலில் மாலையோடு நிற்கும் என்று நினைத்தேன்.

வாசலில் நின்றது காவலாளி. ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையில் ஊர் அவருக்கு. வருகிறவர்கள் எல்லாரும் அவருக்கு நைனாதான்.

"இன்னா வேல நைனா?"

"வீட்டுக் கடன்."

"அடைக்கிறதா, வாங்கறதா?"

"புதுப்பிக்கிறது."

"அப்ப உக்காருங்க. பேஜாரு புடிச்ச வேல அது. தண்ணி அங்க கீது."

கடன் பிரிவில் இருந்த அதிகாரி முப்பது வயதுப் பெண். மரியாதையானவர். என் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பொருளடக்கத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார்.

"சார், இவ்ளோ நீட்டா யாருமே குடுத்ததில்ல."

"அப்படியானால் ஆரம்பிக்கலாமா?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார். டேர்ம்ஸ் மாத்தினா சிஸ்டம் புது ஃபைலா எடுத்துக்கும். வீட்ட ஒரு தடவ வேல்யூவர் பாத்து ரிப்போர்ட் போடணும். போட்டோவோட."

"காலத்தை எண்பத்தொன்றுக்கு நீட்டுவதற்கு யாரும் வந்து பார்க்கவில்லையே?"

"அது சிஸ்டமே பண்றது சார். சிஸ்டம் பண்ணா யாரும் பாக்க வேணாம்."

வீட்டைப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை. நல்ல வீடு. கட்டி முடித்து ஆறு வருடம் ஆகிறது. கீழே இரண்டு அறை, மேலே ஒன்று, அதற்கு முன்னால் மொட்டைமாடி. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையொட்டித் திருஷ்டி பொம்மை.

அந்தப் பொம்மையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீடு கட்டுகிறபோது கண்ணேறு படாமலிருக்க எல்லாரும் ஒன்று கட்டுவார்கள். வைக்கோலைத் திணித்து, பழைய சட்டையைப் போட்டு, பானையில் மீசையும் கோரைப்பல்லும் வரைந்து தொங்கவிடுவார்கள். புதுமனை புகுந்ததும் கழற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பொம்மை தையல் ஆசிரியை செய்தது. தோளுக்குத் தோள் அளவெடுத்து, முழங்கை மடிகிற இடத்தில் மடிப்பு விட்டு, விரல்களோடு கையுறை தைத்து, சவுக்குக் கட்டையில் நிற்க வைத்தது. உடுப்பு என் ஆலைச் சீருடை, நீலச் சட்டையும் பேண்ட்டும். தலையில் என் மஞ்சள் ஹெல்மெட். ஆலையில் இருந்த காலமெல்லாம் தலைக்கவசம் போடுங்கள் என்று தொழிலாளிகளிடம் மன்றாடியிருக்கிறேன். வெயிலோ மழையோ அதைக் கழற்றாமல் இருந்த ஒரே ஆள் அந்தப் பொம்மைதான்.

புதுமனை புகுந்த அன்று அதைக் கழற்றப் போனேன். மனைவி விடவில்லை.

"வேல முடிஞ்சாதானே கழட்டணும்?"

"முடிந்துவிட்டதே. சுண்ணாம்புகூட அடித்தாயிற்று."

"கடன் முடிஞ்சுதா? அதுவரைக்கும் இது பேங்குக்காரன் ஊடு. நம்ம கட்டிக்கினுதான் இருக்கோம்."

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சுவரில் ஒரு ஆணி அடிக்கவும் விட்டதில்லை. ஆறு வருடமாக எங்கள் கல்யாணப் போட்டோ கூடத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டிருக்கிறது. யாராவது கேட்டால், அடுத்தவர் சுவரில் எதற்கு ஓட்டை போட வேண்டும் என்பார். பொம்மையின் மீசையும் கோரைப்பல்லும் முதல் இரண்டு மழையிலேயே கரைந்துவிட்டன. மிச்சமிருந்தது ஹெல்மெட் நிழலில் அமைதியான ஒரு முகம்.

மதிப்பீட்டாளர் வந்த அன்று நான் வில்லங்கச் சான்றில் ஒரு பிழையைத் திருத்தப் பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் மனைவி சொன்னார்.

"ஒருத்தன் பைக்ல வந்தான். எறங்கக்கூட இல்ல. ரோட்டுலேந்து ரெண்டு போட்டோ புடிச்சுக்கினு பூட்டான்."

"உள்ளே கூப்பிடவில்லையா?"

"வாசலாண்ட போறதுக்குள்ள கெளம்பிட்டான். கடம்பத்தூருக்கு நேரமாச்சுன்னு சொல்லிக்கினே போறான்."

சில வாரங்கள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. கட்டுமானம் நிறைவடையாததால் என் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறதாம். மறுபடி பேசின் பிரிட்ஜ். மறுபடி நைனா.

அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் வீடு. தென்னங்கீற்றுக்குப் பின்னால் மொட்டைமாடி. நீலச் சீருடையும் மஞ்சள் ஹெல்மெட்டும் அணிந்த ஒருவர் கைப்பிடிச் சுவரருகே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே மதிப்பீட்டாளரின் குறிப்பு: மேல் தளத்தில் வேலை நடைபெறுகிறது, தொழிலாளி ஒருவர் பணியில் காணப்பட்டார்.

சட்டையின் இடது பையில் மசிக் கறை தெரிந்தது. என் பேனா கசிந்த கறை.

"அது ஆள் இல்லை, அம்மா. திருஷ்டி பொம்மை."

அவர் திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். பெரிதாக்கிப் பார்த்தார். கையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பதவிக்குத் திரும்பினார்.

"எனக்குத் தெரியுது சார். ஆனா ரிப்போர்ட்ல லேபர்னு இருக்கு."

"நிறைவுச் சான்று கொடுத்திருக்கிறேன். பொருளடக்கத்தில் ஐந்தாவது."

"பாத்தேன் சார். அது ஆறு வருஷம் பழசு. ஆளு இப்பதான் நிக்கறாரு. அப்ப சர்ட்டிபிகேட்டுக்கு அப்புறம் வேற ஏதோ கட்டறீங்கன்னுதான் அர்த்தம். அதுக்கு பிளான் அப்ரூவல் கேக்கும்."

"எதுவும் கட்டவில்லையே?"

"அப்ப எதுக்கு சார் ஆளு?"

அவரே ஒரு வழி சொன்னார். வேலை நிறுத்தப்பட்டது, தொழிலாளி அகற்றப்பட்டார் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். மதிப்பீட்டாளர் இன்னொரு முறை வந்து ஆள் இல்லாத போட்டோ எடுப்பார். எல்லாம் ஜனவரி முடிவதற்குள் நடக்க வேண்டும். தவறினால் சிஸ்டம் தானாகக் காலத்தை நீட்டிவிடும். நீட்டிவிட்டால் அடுத்த வட்டி மாற்றம் வரை கை வைக்க முடியாது.

ரயிலில் உட்கார்ந்து உறுதிமொழியை எழுதப் பார்த்தேன். ஒரு தொழிலாளியை வெளியேற்றுவதற்கு உள்ள நடைமுறை எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தப் பெட்டியில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. முதலில் குற்றச்சாட்டு, பிறகு விளக்கம் கேட்டல், விசாரணை, அதன் பிறகே உத்தரவு. ஆனால் நியமிக்கப்படாத, இல்லாத ஒருவரை அகற்றுவதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. அகற்றினேன் என்று எழுதினால் அப்படி ஒருவர் இருந்தார் என்று ஒப்புக்கொண்டதாகும். இருந்தார் என்றால் அனுமதியில்லாமல் கட்டினேன் என்றாகும். திருநின்றவூர் தாண்டுவதற்குள் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். கடைசியில் பொம்மையைக் கழற்றிவிடுவதுதான் சுலபம் என்று பட்டது. வீட்டில் ஒருத்தரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மனைவி அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். போட்டோவில் கறை தெரிந்ததைச் சொன்னதும் சிரித்தார். கழற்ற வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது.

"முடியாது."

"ஒரு நாள்தான். போட்டோ எடுத்ததும் திரும்ப வைத்துவிடலாம்."

"கடன் முடியாம எறக்கினா அது எறக்கினதுதான். ஒரு நாள் இன்னா, ஒரு வருஷம் இன்னா."

"எழுபதுக்குள் முடிப்பதற்காகத்தான் கழற்றச் சொல்கிறேன். கழற்றாவிட்டால் எண்பத்தொன்று."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னாங்க, ஒண்ணு கேக்கறேன். எண்பத்தொண்ணு வரைக்கும் நீங்க இருப்பீங்களா? அத்த ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. இப்பவே போய் எறக்கறேன்."

எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டவன் நான். அதில் போட முடியவில்லை.

"நீங்க பூட்டா அந்த லோனு யார்கிட்ட வரும்? என்கிட்டதானே? நான் பேசின் பிரிட்ஜ்ல எறங்கி, மாறி, அந்த நைனாகிட்ட டோக்கன் வாங்கிக்கினு உக்காந்திருக்கணும். என் முட்டிய வச்சிக்கினு."

கடன் வாங்கியதிலிருந்து, அது தன் தலையில் விழுமோ என்ற பயத்தை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவருக்கும் எனக்கும் வேண்டியது ஒன்றுதான் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. நான் போவதற்கு முன்னால் கடன் போக வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த வழி பொம்மையைக் கழற்றுவது. அவருக்குத் தெரிந்த வழி கழற்றாமலிருப்பது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரே கேட்டார்.

"அவங்களுக்கு இன்னா கஷ்டம்? ஆளு நிக்கறதா, வேலக்காரன் நிக்கறதா?"

"வேலை செய்கிறவன் நிற்பதுதான்."

"அவ்ளோதானே."

மறுநாள் காலை நாஷ்டா முடிந்ததும் மாடிக்குப் போனார். சீருடையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். ஹெல்மெட்டையும் கொடுத்தார். தன்னுடைய பழைய நைட்டி ஒன்றைப் பொம்மைக்கு மாட்டி, தோளில் துண்டு போட்டு, தலையில் ஈரத்தலை துவட்டிக் கட்டுவது போல ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றினார். நான் தெருவுக்குப் போய் நின்று பார்த்தேன். திருவள்ளூரில் காலை எட்டு மணிக்கு எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் தெரிகிற ஒரு பெண்மணி அங்கே நின்றார். வீடு முடிந்து, குடிவந்து, சலித்தும்போய்விட்டது என்பதற்கு அதைவிடச் சான்று எதுவும் கிடையாது.

உறுதிமொழியில் இப்படி எழுதினேன்: மேல் தளத்தில் எந்தக் கட்டுமானப் பணியும் நடைபெறவில்லை, சீருடை அணிந்த எவரும் தற்போது அங்கே இல்லை. இரண்டும் உண்மை.

இரண்டாவது ஆய்வுக்குத் தனிக் கட்டணம். கட்டினேன். இந்த முறை நான் வீட்டிலேயே இருந்தேன். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு நானும் மனைவியும் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தோம். மதிப்பீட்டாளர் அதே பைக்கில் வந்தார். அதே போல இறங்காமல் கைப்பேசியை உயர்த்தினார்.

"உள்ள வாங்க. டீ சாப்ட்டுப் போலாம்," என்றார் மனைவி.

"இல்லம்மா, இன்னும் திருநின்றவூர் வரைக்கும் போவணும். நாலு ஊடு கீது." கைப்பேசியைப் பார்த்துவிட்டு மாடியை நோக்கிக் குரல் கொடுத்தார். "அம்மா, அந்தப் பக்கம் கொஞ்சம் நவுருங்க. செவுரு மறைக்குது."

மாடியிலிருந்தவர் நகரவில்லை.

"அம்மா. உங்களத்தான்."

நான் எழுந்தேன். மனைவி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கத்தாதீங்க. அவங்களுக்குக் காது கேக்காது," என்றார்.

"ஓ. பரவால்லம்மா, இருக்கட்டும்." படம் எடுத்துக்கொண்டு, மாடியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

"பொய் சொல்லிவிட்டாயே," என்றேன்.

"எதுங்க பொய்யி? கேக்குமா அதுக்கு?"

பத்து நாளில் மறுபடி குறுஞ்செய்தி. விண்ணப்பத்தில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறதாம். மார்கழி பாதி ஓடியிருந்தது. காவலாளி என்னைக் கண்டதும் கேள்வி எதுவும் கேட்காமல் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

"உங்க ஆயுசுல பாதி இங்கயே பூட்டுச்சு நைனா."

"இன்னும் எண்பத்தொன்று வரை இருக்கிறது," என்றேன். அவருக்குப் புரியவில்லை. நல்லது என்றார்.

அதிகாரி திரையைத் திருப்பவில்லை. படித்துக் காட்டினார். "வீடு முழுசா முடிஞ்சு குடியிருக்காங்கன்னு போட்டிருக்காரு சார். அது ஓகே. ஆனா ரிமார்க்ஸ்ல, ஓனரும் மனைவியும் தவிர, மாடியில காது கேளாத வயசான பெண்மணி ஒருத்தங்க வசிக்கறாங்கன்னு இருக்கு."

நான் என் கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டினேன்.

"அவங்க யாருன்னு சிஸ்டம் கேக்குது. சொந்தக்காரங்கன்னா ஆட்சேபம் இல்லன்னு அவங்க கையெழுத்து வேணும். வாடகைக்கு இருக்காங்கன்னா அக்ரிமென்ட் வேணும்." பேனாவைக் கீழே வைத்தார். "சார். உண்மையச் சொல்லுங்க. அதே பொம்மையா?"

"உடை மாறியிருக்கிறது."

அவர் இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, தலைவலியா மேடம் என்றார்.

"பொம்மைன்னு போடறதுக்கு இடமே இல்ல சார். நான் போட்டாலும் மேல, முதல்ல லேபர், அப்புறம் லேடி, இப்ப பொம்மையான்னு கேப்பாங்க. மூணாவது தடவ இன்ஸ்பெக்‌ஷன்னா ஜனவரி தாண்டிடும்."

"சிஸ்டத்தில் வேறு என்னென்ன இருக்கிறது?"

"மூணுதான். உறவினர், வாடகைதாரர், காவலுக்கு இருப்பவர்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தனை வருடம் படிவங்களோடு குடித்தனம் நடத்தியதில், ஒரு படிவம் தானாகவே உண்மையைக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"மூன்றாவது," என்றேன்.

"சார்?"

"காவலுக்கு இருப்பவர். வீட்டின் மேல் கண்ணேறு படாமல் காவல் காப்பதற்காகவே வைத்தது. வேறு எந்த வேலையும் அதற்குக் கிடையாது. எழுதித் தருகிறேன். எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்."

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு விரல்கள் விசைப்பலகைக்குப் போயின.

"சம்பளம்?"

"இல்லை."

"சொத்துல ஏதாவது உரிமை கோருவாங்களா?"

"இதுவரை எதுவும் கோரியதில்லை."

"எவ்ளோ நாளா இருக்காங்க?"

"வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து."

"எதுவரைக்கும் இருப்பாங்க?"

"கடன் முடியும் வரை. நீங்கள் எழுபதில் முடித்தால் எழுபது வரை. எண்பத்தொன்றில் முடித்தால் அது வரை நிற்க வேண்டியதுதான். என் மனைவி அதைக் கீழே இறக்க விட மாட்டார்."

அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"மேடம் அதுக்காகத்தான் எறக்கலியா சார்?"

ஆமாம் என்றேன். அவர் திரைக்குத் திரும்பினார். ஒரு விசையை அழுத்தினார். மேலே போயிருக்கிறது, ஒப்புதல் வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். வெளியே வரை வந்து வழியனுப்பினார். வங்கியில் அப்படி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. காவலாளி எழுந்து நின்றுவிட்டார்.

அதன் பிறகு நான் அனுப்பிய நினைவூட்டல்கள் ஒவ்வொன்றுக்கும், உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம் என்ற பதில் நொடியில் வந்தது. நொடியில் வருவதைப் பதில் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மார்கழி முடிந்தது. போகியன்று மனைவி பழைய பாய்களையும் துணிகளையும் வாசலில் போட்டுக் கொளுத்தினார். மாடியிலிருந்து அந்த நைட்டியும் வந்து தீயில் விழுந்தது. மேலே அண்ணாந்து பார்த்தேன். பொம்மை உள்பாவாடையோடு நின்றது.

பொங்கலுக்கு அடுத்த நாள் காலை மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்து, புதுத் துணியில் ஒரு நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பூப்போட்டது.

"யாருக்கு?"

"காவலுக்கு நிக்கறவளுக்குப் பொங்கலுக்குத் துணி எடுத்துக் குடுக்கமாட்டாங்களா? உங்க கம்பெனில குடுத்தீங்க இல்ல?"

கொடுத்தோம். காவலாளிகளுக்கு வருடம் ஒரு ஜோடி, கையெழுத்து வாங்கிக்கொண்டு. நைட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் மாடிக்குப் போனோம். அவருக்கு முட்டி வலி என்பதால் படிக்குப் படி நின்று நின்று ஏறினோம். தெருவில் யாரோ மாட்டுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர் பொம்மைக்குத் தலைவழியாக நைட்டியை மாட்ட, நான் அது சாயாமல் சவுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.

"பேங்கா?" என்றார், பொம்மையின் கையை நைட்டிக்குள் விட்டுக்கொண்டே.

"இன்றைக்கு வங்கி விடுமுறை."

"பாருங்களேன்."

பார்த்தேன். வங்கிதான். என் விருப்பப்படி தவணை கூட்டப்பட்டிருக்கிறது, கடன் காலம் நீட்டப்படவில்லை. முடியும் மாதம் என் எழுபதாவது பிறந்த நாளுக்கு முந்தைய மாதம். கடைசியில் ஒரு குறிப்பு: காவலுக்கு இருப்பவர் மாற்றப்பட்டால் வங்கிக்கு உடனே தெரிவிக்கவும்.

உரக்கப் படித்தேன். மனைவி பொம்மையின் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"தேதிய எழுதி வச்சிக்கோங்க," என்றார். "நாளைக்கு வரவே இல்லன்னு சொன்னாலும் சொல்வாங்க."

எழுதி வைத்தேன். பதில் வந்த நாள், தை மாதம் இரண்டாம் தேதி, மாட்டுப் பொங்கல்.